தேய்மானம் இருக்கட்டும், துரு போகட்டும்

குடும்பப் பெரியவர் ஒருவர் காலமான பிறகு அவருடைய பீரோவை ஒழிக்கும்போது, பாஸ்புக்குகளுக்கும் ஓடாத கைக்கடிகாரத்துக்கும் அடியிலிருந்து ஒரு மடக்குக் கத்தி வெளியே வரும். நிலத்துக்கும் நகைக்கும் பங்கு கேட்பவர்கள் அதைக் கேட்பதில்லை. அலகு பாதி தேய்ந்திருக்கும். துருவேறி, திறக்க வராமல் இறுகியிருக்கும். பேரனோ பேத்தியோ அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

நம் வீடுகளில் அகப்படும் மடக்குக் கத்திகளில் நான் அடிக்கடி பார்ப்பவை மூன்று வகை. வாத்தியார், கணக்குப்பிள்ளை, குமாஸ்தா வேலை பார்த்தவர்கள் வைத்திருந்த இரண்டலகு பேனாக்கத்தி ஒன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ ஜெர்மனியின் சோலிங்கனிலோ செய்தது, அல்லது அவற்றைப் பார்த்து இங்கே செய்தது. இரண்டாவது, பட்டாளத்திலிருந்து வந்த கனத்த கத்தி: முனை மழுங்கிய அகல அலகு, டின் திறக்கும் கொக்கி, கயிற்று முடிச்சை அவிழ்க்கும் தடித்த ஊசி, இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் வழியாகவும் இந்தக் கத்திகள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து திரும்பிய சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்த சிவப்புப் பிடி சுவிஸ் கத்தி.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கத்தியில் இரண்டு விதமான பழமை உண்டு. அந்த மனிதர் அதைப் பயன்படுத்தியதால் வந்தது ஒன்று. அவருக்குப் பின் யாரும் கவனிக்காததால் வந்தது மற்றொன்று. தீட்டித் தீட்டிக் குறுகிய அலகு, விரல் பட்டு வழவழத்த பிடி, பாக்கு வெட்டிக் கறுத்த இரும்பு இவையெல்லாம் முதல் வகை. சிவந்த துரு, பிசுக்கு, இறுகிய கீல், பித்தளையில் படிந்த பச்சைக் களிம்பு இவை இரண்டாம் வகை. முதல் வகையில் கை வைக்காதீர்கள். இரண்டாம் வகையை மிச்சமில்லாமல் நீக்குங்கள். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவும் இந்தப் பிரிவினையிலிருந்து வருவதுதான். கத்தியைக் கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தாத்தாவின் கத்தியைத் தொலைத்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு புதுக் கத்தியைச் செய்துகொள்கிறார்கள். அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

தொடும் முன் பாருங்கள்

முதல் நாள் எண்ணெயும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அலகு திறக்குமானால், அது பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் அது ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். 'ஐ எக்ஸ் எல்' என்ற எழுத்துகள் அதே ஊரின் வோஸ்டன்ஹோம் நிறுவனத்துடையவை. இரட்டையராக நிற்கும் இரண்டு மனித உருவங்கள் சோலிங்கனின் ஹென்கெல்ஸ். மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தாக இருந்த கத்தி. ராணுவக் கத்திகளில் பெரும்பாலும் ஆண்டும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். சுவிஸ் கத்தியில் விக்டோரினாக்ஸ் பெயரோடு 'ரோஸ்ட்ஃப்ரை' என்றிருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு.

'இங்கிலாந்து' என்ற சொல் முத்திரையில் இருப்பதும் ஒரு தடயம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890ல் மெக்கின்லி சுங்கச் சட்டத்தில் விதித்தது. அதன் பிறகே ஷெஃபீல்ட்காரர்கள் பரவலாக நாட்டுப் பெயரைப் பொறித்தார்கள். ஆகவே அந்தச் சொல் இருந்தால் கத்தி பெரும்பாலும் அந்த ஆண்டுக்குப் பிந்தையது. இல்லாவிட்டால் முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது.

முத்திரை துருவுக்கு அடியில் மறைந்திருந்தால் அந்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது. பொறிப்பின் ஆழம் மிகக் குறைவு. நாலு இழுப்பில் அழிந்துவிடும்.

அதே நாளில் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். "அத்தை, இதை அப்பா எதுக்கு வச்சிருந்தாங்க?" என்று கேட்டால் போதும். பென்சில் சீவினார், மாங்கன்று ஒட்டுக் கட்டினார், பாக்குச் சீவினார், தபால் உறை கிழித்தார் என்று ஏதாவது பதில் வரும். அந்தப் பதிலை அலகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெட்டியான பொருளை அழுத்தி நறுக்கியவரின் கத்தி பெரும்பாலும் பிடிக்கு அருகே குழிந்திருக்கும், பலம் அங்கேதான் நிற்கும் என்பதால். பென்சில் சீவியவரின் கத்தி நடுவில் தேயும். ஒட்டுக் கட்டியவரின் கத்தியில் முனைப் பக்கம் குறுகியிருக்கும். குழிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பிறகு தீட்டும்போது அதைச் சமப்படுத்திவிடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

எந்த இரும்பு

துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருவாக்கியது 1913ல். அதற்கு முந்தைய அலகுகள் எல்லாம் கார்பன் எஃகு. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கார்பன் எஃகுக் கத்திகள் வந்துகொண்டே இருந்தன. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, கத்திக்கு ஆகும் எஃகு இரண்டு வகையிலும் காந்தத்தில் ஒட்டும். சுத்தமான ஓரிடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். சாம்பல் நிறக் கறை விழுந்தால் கார்பன் எஃகு. உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.

கார்பன் எஃகின் மேல் இரண்டு நிறம் வரும். சிவப்பும் செம்பழுப்புமாகப் பொரிந்து, விரலால் தேய்த்தால் தூளாக வருவது துரு. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் இருக்கும் இரும்பை மேலும் மேலும் தின்னும். கறுப்பும் நீலச்சாம்பலுமாக வழவழவென்று படிந்திருப்பது வேறு. வெங்காயம், மாங்காய், எலுமிச்சை, பாக்கு இவற்றோடு பல வருடம் பழகியதால் இரும்பின் மேல் உருவான மெல்லிய படலம் அது. பாக்கில் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்து கருநிறக் கூட்டுப்பொருளாகிறது. பழைய காலத்து எழுத்து மை செய்ததும் இதே வினையால்தான். இந்தப் படலம் துருவை முற்றிலும் தடுக்காது, ஆனால் தாமதப்படுத்தும். இது தாத்தாவின் கை வேலை. சுரண்டாதீர்கள்.

இறுகிய அலகைத் திறப்பது

நகக்குழியில் இடுக்கியைப் போட்டு இழுக்கும் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். ஒன்று நகக்குழி சிதையும், இல்லையென்றால் அலகு சட்டென்று திறந்து விரலைப் பதம் பார்க்கும்.

மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டீசல், அல்லது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துரு தளர்த்தும் ஸ்ப்ரே. கத்தியைக் கீல் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி, அலகும் உள்தகடும் சேரும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு விடுங்கள். கத்தி முழுவதையும் எண்ணெயில் ஊறப்போட வேண்டாம், எலும்புப் பிடியும் மரப்பிடியும் அதைக் குடித்து நிறம் மாறும். காலையில் அலகின் முதுகைக் கெட்டித் துணியால் சுற்றிப் பிடித்து, வாய்ப் பக்கத்தில் விரல் இல்லாதபடி, கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும். மறுபடி சொட்டு விட்டு மறுபடி பொறுத்திருங்கள். மூன்று நான்கு நாள் பிடிவாதமாக நின்ற அலகுகள்கூட இப்படித் திறந்திருக்கின்றன. அவசரம் காட்டினால் உடையக்கூடியது முதுகில் இருக்கும் வில். அது உடைந்தால் கத்தியைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு.

திறந்ததும் உள்ளே பாருங்கள். சட்டைப்பை நூல்பிசிறு, புகையிலைத் தூள், பாக்குத் துகள், காய்ந்த சுண்ணாம்பு எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து கெட்டிப்பட்டுக் கிடக்கும். வில்லுக்கும் அலகுக்கும் நடுவே இந்தக் குப்பை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததே உள்துருவுக்கு முதல் காரணம். பல்குச்சி, மூங்கில் ஈர்க்கு, பழைய டூத் பிரஷ் இவற்றால் கிளறி எடுங்கள். ஊசியோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம், பித்தளை உள்தகட்டில் கீறல் விழும். எடுத்த பிறகு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு அலகைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கறுப்புச் சாறு வழியும். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள், வெள்ளைத் துணியில் கறை படாத வரைக்கும்.

துருவை எடுப்பது

நம் வீடுகளில் பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் உண்டு. அதே கையோடு கத்திக்கும் புளி தேய்க்க வேண்டாம். புளியின் அமிலம் துருவை மட்டும் தின்றுவிட்டு நிற்பதில்லை. நல்ல எஃகையும் அரிக்கும், கீலுக்குள் இறங்கித் தங்கும், மாதங்கள் கழித்து உள்ளிருந்து புதுத் துருவைக் கிளப்பும். வினிகரும் அப்படித்தான்.

சரியான ஆயுதம் எஃகைவிட மென்மையானதும் பொரிந்த துருவை உதிர்க்கும் அளவுக்குக் கெட்டியானதுமான ஓர் உலோகம். பித்தளை அதற்குப் பொருத்தம். பழைய பித்தளைச் சாவி, பித்தளைத் தகட்டுத் துண்டு எதுவானாலும் சரி. அலகில் மெல்லிய எண்ணெய் தடவி, பித்தளையின் நேர்விளிம்பைச் சாய்த்து வைத்துச் சுரண்டினால் துருப் பொரி உதிரும், எஃகில் கீறல் விழாது. பித்தளையின் மஞ்சள் சாயல் கொஞ்சம் ஒட்டினால் துணியால் துடைத்தால் போகும். எஞ்சிய மெல்லிய துருவுக்கு மிக நுண்ணிய எஃகுப் பஞ்சு, கடையில் நான்கு சைபர் என்று கேட்க வேண்டும். எண்ணெயோடு சேர்த்து, அலகின் நீளவாக்கில் மட்டும், எடை கொடுக்காமல் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு முரடு, அது ஆகாது.

துரு போன இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அவற்றை எடுக்க முயலாதீர்கள். குழியின் அடிமட்டம் வரை மொத்த அலகையும் இழைத்தால்தான் அவை மறையும், அதற்குள் அலகே மெலிந்துபோகும். குழிக்குள் சிவப்பு எஞ்சவில்லை என்றால் வேலை முடிந்தது.

சுழலும் பஃப் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். முத்திரையை மழுக்கும், பூணின் கூரான ஓரங்களை உருட்டிவிடும், கறுத்த படலத்தை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும். போதாததற்கு, சக்கரத்தில் அலகு சிக்கினால் கையிலிருந்து பிடுங்கி எறியும்; பெரிய காயங்கள் அப்படி நேர்கின்றன.

பிடி

பிடி எதனால் ஆனது என்று தெரியாமல் அதைத் தொடாதீர்கள். எலும்பில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். உயிரோடு இருந்தபோது இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்கள் அவை. கொம்பு வெப்பத்தில் வளையும், ஈரத்தில் உப்பும். சிப்பி கையில் குளிர்ச்சியாக இருக்கும், தட்டினால் உடையும். இந்த எதையும் வெந்நீரில் போடாதீர்கள். லேசாக ஈரமாக்கிய துணியில் ஒரு துளி சோப்பு, உடனே உலர்ந்த துணி. எலும்புக்கும் மரத்துக்கும் கடைசியில் ஒரு துளி மினரல் எண்ணெயைக் கைவிரலால் தேய்த்துவிட்டால் வெளிறிய நிறம் மீளும்.

செல்லுலாய்டுப் பிடியைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். ஆமை ஓடு, தந்தம், வண்ணச் சலவைக்கல் போலத் தோற்றம் காட்டும் பழைய பிளாஸ்டிக் பிடிகளில் பல இந்த வகை. நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. விரலால் சூடு வரத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். நல்ல நிலையில் இருக்கும்வரை தொல்லையில்லை. முதுமை அடையும்போது அது சிதைந்து அமில ஆவியை வெளிவிடத் தொடங்கும். அந்த ஆவி தன் அலகையும் துருப்பிடிக்க வைக்கும், அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் கெடுக்கும். பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு, பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் புளித்த நெடி, பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் துரு இவை அதன் அறிகுறிகள். அப்படிப்பட்ட கத்தியைத் தனியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நெருப்புக்கும் வெயிலுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள், செல்லுலாய்டு மிக வேகமாகப் பற்றி எரியும்.

ஷெஃபீல்ட் கத்திகளில் கடமான் கொம்புப் பிடி அதிகம். அந்தக் கொம்பு இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. யானைத் தந்தப் பிடிகளும் உண்டு. இரண்டும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. பாட்டனார் வைத்திருந்தது என்பதற்காக விற்கலாம், பரிசளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உடைந்த பிடிப்பட்டைக்கு மாற்றாகக் கொம்பு தேடி அலையவும் வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.

பட்டையில் ஒரு மூலை உடைந்து போயிருந்தால் என் அபிப்பிராயம், அப்படியே விடுவது. கையைக் கிழிக்கும் ஓரம் இருந்தால் மட்டும் மிக நுண்ணிய உப்புத்தாளால் அந்த ஓரத்தைத் தடவிவிடுங்கள். முழுப் பட்டையும் இல்லை என்றால் மரத்தில் செய்யலாம். ஈட்டி மரம் நன்றாக நிற்கும். பூண் பளபளவென்று வெள்ளிபோல் இருந்தாலும் அது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, அதில் வெள்ளி கிடையாது. வெள்ளிச் சாமானுக்கான திரவத்தில் முக்க வேண்டாம். துணி போதும்.

ஆடும் அலகு

அலகு பக்கவாட்டில் லேசாக ஆடுவது பல வருட உழைப்பின் விளைவு. தாள் தடிமன் அளவு ஆட்டத்தை நான் விட்டுவிடுவேன். வெட்டும்போது கையில் தெரிகிற ஆட்டம் என்றால் தறையாணியை இறுக்க வேண்டும். அலகு சுழலும் ஆணி பூணின் ஊடே சென்று இருபுறமும் தட்டி மழுக்கப்பட்டிருக்கும். கெட்டியான இரும்புப் பட்டறையின் மேல் ஒரு பக்க ஆணித்தலையை வைத்து, மறுபக்கத் தலையைக் குண்டுத்தலைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஆணி விரிந்து இடைவெளி குறையும். தட்டும் முன் அலகுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே எண்ணெய் தோய்த்த மெல்லிய காகிதம் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள், முழுவதும் இறுகிவிடாமல் காக்கும். மூன்று தட்டு, திறந்து மூடிப் பார்ப்பது, மறுபடி மூன்று தட்டு. விரிந்த ஆணியைச் சுருக்க வழியில்லை.

சுத்தியல் பழக்கமில்லாதவர்கள் நகை வேலை செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோங்கள். அரிவாள் அடிக்கும் பட்டறையைவிட இதற்கு அவர் ஏற்றவர். அவரிடம் சின்னப் பட்டறையும் சின்னச் சுத்தியலும் இருக்கும், மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை விரலாலேயே உணரும் பழக்கமும் இருக்கும். "அண்ணே, பாலிஷ் போட வேண்டாம், ஆணியை மட்டும் இறுக்கிக் கொடுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அன்பின் மிகுதியால் மொத்தக் கத்தியையும் மினுக்கிக் கொடுத்துவிடுவார்.

நன்றாகத் தேய்ந்த கத்தியில் இன்னொரு தொந்தரவு வரும். வாய்ப்பக்கம் தேயத் தேய முனை முதுகை நோக்கி ஏறும். மூடிய நிலையில் அந்த முனை பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டைப்பையையும் விரலையும் குத்தும். அலகின் அடியில், வாய் தொடங்கும் இடத்துக்கு முன்னால் சிறு மேடு ஒன்று இருக்கும். மூடும்போது வில்லின் மேல் உட்காருவது அந்த மேடுதான். அதை நுண்ணரத்தால் ஓரிரு இழுப்பு அராவினால் அலகு உள்ளே இன்னும் கொஞ்சம் இறங்கி முனை மறையும். தேய்ந்த அலகுக்கும் வில்லுக்கும் நடுவே இடம் இருப்பதால் இது முடிகிறது. ஆனால் இடம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வாயில் கறுப்பு மார்க்கர் மை தடவி, காய்ந்ததும் மூடித் திறந்தால், மை எங்காவது அழிந்திருந்தால் வாய் வில்லில் இடிக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

முனை உடைந்திருந்தால் முதுகுப் பக்கத்திலிருந்து வாய் நோக்கிச் சரிவாகத் தேய்த்துப் புது முனை எடுக்க வேண்டும். வாய்ப்பக்கத்திலிருந்து தேய்த்தால் இருக்கிற கொஞ்ச நஞ்ச அகலமும் போய்விடும்.

கூர் ஏற்றுவது

தெருவில் வரும் சாணைக்காரரிடமோ மின்சாரச் சக்கரத்திலோ இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர்கள் வேலை சரி. பேனாக்கத்தியின் மெல்லிய அலகு, உலர்ந்த சக்கரத்தில் சில நொடிகளில் சூடேறிவிடும். கார்பன் எஃகு ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் பட்ட இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. உருவாக்கியவர் ஏற்றிய பதத்தை வீட்டில் திரும்ப ஏற்ற முடியாது.

கையால் தீட்டும் கார்போரண்டம் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் மென்மையுமாக இருக்கும். சென்னையில் 1954ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கற்கள் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. முரட்டுப் பக்கம் வாயில் பல் விழுந்திருந்தால் மட்டும். மற்றபடி மென்பக்கமே போதும். கல்லில் தண்ணீர் விடலாம் அல்லது மெல்லிய எண்ணெய் விடலாம். ஒருமுறை எண்ணெய் விட்ட கல்லுக்கு எப்போதும் எண்ணெய்தான்.

சாய்வுதான் எல்லாம். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது, உயரத்தை அளக்கலாம். அலகு 12 மில்லிமீட்டர் அகலம் என்றால், முதுகு கல்லிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும்போது சாய்வு 20 டிகிரி. 3 மில்லிமீட்டர் என்றால் 15. தேய்ந்து 9 மில்லிமீட்டராகக் குறுகிய அலகுக்கு 20 டிகிரி வேண்டுமானால் 3 மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். அட்டையில் அந்தத் தடிமனுக்கு ஒரு துண்டு செய்து கல்லின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கு முன்னும் முதுகை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கை பழகிவிட்டால் துண்டு தேவைப்படாது.

கல்லின் மேல் மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பதாக நினைத்து, வாய் முன்னே போகும்படி, அடியிலிருந்து முனை வரை ஒரே வீச்சாக இழுங்கள். விரலின் எடை போதும். தாத்தாவின் குழிவு இருக்கிற அலகில் கல் முழு நீளத்துக்கும் ஒருசேரப் படாது. கல்லின் ஓரத்தைப் பயன்படுத்தி, குழிவைத் தொடர்ந்து போங்கள். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்கத்தில் மயிரிழை போலப் பிசிர் எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே குறுக்காக நகர்த்தினால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. முழு நீளத்திலும் பிசிர் எழுந்த பிறகே மறுபக்கம் திருப்ப வேண்டும். பலரும் இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார்கள், பிசிர் எழும் முன்னரே பக்கம் மாற்றிவிடுகிறார்கள். கத்தி எவ்வளவு தீட்டியும் கூராகவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிசிர் வந்ததா என்பதுதான். இரண்டு பக்கமும் வந்த பிறகு, மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பாக, எடையைக் குறைத்துக்கொண்டே போனால் பிசிர் உதிரும். கடைசியில் தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போகும்படி, பத்துப் பதினைந்து முறை வழித்துவிடுங்கள். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழிசல் இல்லாமல் அறுத்தால் கூர் ஏறிவிட்டது.

ஒவ்வொரு தீட்டலிலும் திரும்பி வராத இரும்பு போகிறது. அடுத்த முறை மழுங்கும்போது கல்லுக்குப் போகும் முன் தோலில் வழித்துப் பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும்.

பிறகு

கீலுக்கும் வில்லுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. பழம் நறுக்கும் கத்தி என்றால் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாள்பட்டால் பிசினாக இறுகி, நீங்கள் கிளறி எடுத்த பிசுக்கைத் திரும்பக் கொண்டுவரும்.

ஆயுத பூஜைக்கு இந்தக் கத்தியை வைப்பவர்கள் அநேகம், வைக்கவும் வேண்டும். ஆனால் ஈரச் சந்தனமும் குங்குமமும் அலகின் மேல் இரவெல்லாம் இருந்தால் மறுநாள் அந்தப் பொட்டின் அளவுக்குத் துரு விழுந்திருக்கும். பிடியின் மேல் பொட்டு வையுங்கள். அலகிலும் வைத்தே ஆக வேண்டும் என்றால் எண்ணெய் தடவிய பிறகு வைத்து, விஜயதசமி காலையில் முதல் வேலையாகத் துடைத்துவிடுங்கள்.

தோல் உறையில் போட்டு வைப்பது அழகாகத் தெரிந்தாலும், தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனம் பித்தளையில் களிம்பேற்றும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், மார்கழியில் ஒருமுறையும் திறந்து பாருங்கள். இதைவிட நல்லது, வாரம் இரண்டு தடவை ஒரு கொய்யாவையாவது அதில் நறுக்குவது. கையில் புழங்கும் கத்தியில் துரு தொடங்கியதும் கண்ணில் பட்டுவிடும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, அலகைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உலரவிட்டு மூடுங்கள்.

இந்தக் கத்திகளில் பெரும்பாலானவற்றில் பூட்டு கிடையாது, வில்லின் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. ஆகையால் முனையால் குத்தும் வேலையும் நெம்பும் வேலையும் செய்யக் கூடாது. அலகு விரலின் மேல் மடங்கிவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்து காட்டுங்கள்.

படங்களையும், பெரியவர்கள் சொன்னதையும், நீங்கள் என்ன செய்தீர்கள், எதை வேண்டுமென்றே விட்டுவைத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். அடுத்து இதை எடுக்கப்போகிறவர் அந்தக் குழிவைக் குறை என்று நினைத்துத் தேய்த்துவிடாமல் இருக்க அது உதவும். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கொண்டுபோகிறீர்கள் என்றால், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைப்பது அரிது. எண்ணெய்த் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையில் வையுங்கள்.